மூன்று புள்ளி நான்கு

உளுந்தைக் கிரைண்டரில் போட்டு ஐந்து நிமிடம் ஆகியிருந்தது, மடிக்கணினியில் மென்பொருள் தயாராவது பதினொரு சதவீதம் ஆகியிருந்தது, இரண்டும் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, நடுவில் தனக்குச் செய்ய ஒன்றும் இல்லை என்பதுதான் ஆவுடையப்பனுக்குப் பெரிய இம்சையாக இருந்தது. டெய்லர் கடைக்குக் கிளம்பும்போது வடிவு செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள், அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா தண்ணி தெளிக்கணும், ஓரத்தில் ஒட்டுவதை வழித்து உள்ளே தள்ளணும், மாவு பொங்கிப் பந்து மாதிரி வரணும், சூடேறிவிடக் கூடாது, சூடேறினால் நாளைக்கு இட்லி இட்லியாக இருக்காது. சரி சரி என்று தலையை ஆட்டினான். கல்யாணமாகிப் பதினாறு வருசத்தில் இந்தச் சனிக்கிழமை உளுந்து ஒன்றுதான் அவன் பொறுப்பில் விடப்பட்ட வீட்டுவேலை, அதிலும் பாதி நாள் மாவு சூடேறித்தான் போகும், வடிவு விரலை விட்டுப் பார்த்துவிட்டு முறைப்பாள், நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன் என்று இவன் கூசாமல் சொல்வான், மின்சாரத்தின் மேலோ உளுந்தின் மேலோ பழியைப் போடுவான். சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. நான்கு மணிக்குக் கூட்டம் என்று காலையில் வந்த கடிதத்தில் அந்த டீச்சர் எழுதியிருந்தார். ஐம்பது நிமிடம் இருக்கிறது, நூறு சதவீதம் ஆவதற்குள் நான்கு மணி வந்துவிடுமா, பதினொன்று, இன்னும் பதினொன்று, ஒரு கை தண்ணீர் அள்ளித் தெளித்தான். குழவிகள் உருளும் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லை. எங்கே தவறு செய்தேன் என்று பார்த்துச் சொல்ல முடியுமா சார். டீச்சரின் முதல் கடிதத்தில் இருந்த அந்த வரி ஒன்பது நாளாக அவனுக்குள் ஓடிக்கொண்டிருந்தது, பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது, கல்லூரி லேபில் பையன்களுக்குக் கடவுச்சொல் மாற்றித்தரும்போது.

அவன் கெட்டவன் இல்லை, அப்படித்தான் அவனும் நினைத்துக்கொண்டிருந்தான். கல்லூரி லேபில் எண்பது கணினிகளைக் கட்டி மேய்ப்பது வயிற்றுப்பாட்டுக்கு, லினக்ஸ் மனசுக்கு. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினிக்கு வேண்டிய மென்பொருளைக் களஞ்சியம் என்ற பொது இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளலாம், அதிலும் பெரிய களஞ்சியத்தில் கிடைக்காததையும் புத்தம் புதிதாக வந்ததையும் உலகமெங்கும் இருக்கிற ஆர்வக்காரர்களே சேர்ந்து நடத்தும் சமூகக் களஞ்சியத்தில் தேடிப் பிடிக்கலாம், அங்கே யாருக்கும் சம்பளம் கிடையாது, ஒவ்வொரு மென்பொருளுக்கும் ஒருத்தர் பொறுப்பு, அவர் எழுதி வைக்கும் சமையல் குறிப்பு மாதிரியான கோப்பைப் படித்துத்தான் கணினி எதை எங்கிருந்து எடுத்து எப்படிக் கட்டுவது என்று தெரிந்துகொள்ளும். ஐந்து வருசத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களுக்கு முகாம் நடத்தியபோது அவன் இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினான். கடைசியில் ஒரு சூத்திரம் வேறு. பதிப்பு எண்ணுக்குப் பக்கத்தில் காலாவதி என்று சிவப்பில் இருந்தால் கைவைக்காதீங்க, சிவப்பு இல்லையா, நம்பி எடுத்துக்கோங்க, அதுக்குப் பின்னால பொறுப்பான ஒரு ஆள் உட்காந்திருக்கான். சொல்லிவிட்டு, அந்த ஆள் நான்தான் என்பதுபோல ஒரு சிரிப்பு. முன்வரிசையில் ஒரு டீச்சர் அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார், நீல மை, அடிமட்டம் வைத்துப் போட்டார், அவர்தான் எஸ்தர் பொன்மணி. அப்புறம் பேச்சுவாக்கில் தன் ஊர் வேம்படிக்குளத்துக்கு வரும் பறவைகளைத் தினமும் எண்ணி எழுத ஏதாவது மென்பொருள் உண்டா சார் என்று கேட்டார், இவனும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உண்டே, அதுக்கு நானே பொறுப்பாளர் என்று தன் பெயர் இருக்கிற பக்கத்தைத் திறந்து காட்டினான். பராமரிப்பவர்: ஆவுடையப்பன். அந்த ஒரு வரியை அவன் எத்தனை பேருக்குக் காட்டியிருக்கிறான், மாமனாருக்குக்கூடக் காட்டினான், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, இதுக்கு என்ன தருவாக என்று கேட்டார். பதினெட்டு சதவீதம். மாவு வெள்ளையாகத் திரண்டுகொண்டு வந்தது, ஓரத்தை வழித்து உள்ளே தள்ளினான், விரலில் ஒட்டியது இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

பதினான்கு மாதத்துக்கு முன்னால் அந்தச் சிவப்பு வந்தது. மூலத்தில், அதாவது அந்தப் பறவை மென்பொருளை எழுதுகிறவர்கள் இடத்தில், 3.4 வெளியாகிவிட்டது, இங்கே இன்னும் 3.1 கிடக்கிறது என்று யாரோ கொடி காட்டிவிட்டார்கள், அவன் பெயருக்கு நேர் மேலே காலாவதி, சிவப்பில். லேபில் தேர்வு நேரம், வீட்டில் தண்ணீர்த் தொட்டி ஒழுகல், வடிவுக்கு டைபாய்டு, காரணங்களுக்கு என்ன பஞ்சம், இப்போது நினைத்தாலும் வரிசை பிசகாமல் வந்து நிற்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கட்டிப் பார்த்தான், துணை நூலகம் என்று புதிதாக ஏதோ ஒரு நிரல்தொகுப்பைக் கேட்டது, அது வேறொன்றைக் கேட்டது, பாதியில் நின்றுபோனது, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று மூடிவைத்தான். அடுத்த வாரம் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரன் பக்கத்தில் எழுதியிருந்தான், நேரமில்லாவிட்டால் வேறு யாருக்காவது விட்டுக்கொடுக்கலாமே என்று, அப்படி எழுதியது போதாது என்று முறைப்படி விண்ணப்பமும் போட்டுவிட்டான். அந்த இடத்து வழக்கம் அது, விண்ணப்பம் வந்து இரண்டு வாரத்தில் பொறுப்பாளர் அசையவில்லை என்றால் பெயர் எடுபட்டுவிடும். பதின்மூன்றாம் நாள் சாயங்காலம், லேபைப் பூட்டுவதற்கு முன்னால், சாவிக்கொத்து மேஜைமேல் இருந்தது, காவலாளி வாசலில் நின்று சார் நேரமாச்சு என்றான், ஆவுடையப்பன் அந்தச் சமையல் குறிப்பைத் திறந்து ஒன்று என்று இருந்த இடத்தில் நான்கு என்று அடித்தான். அவ்வளவுதான். எங்கிருந்து எடுக்க வேண்டும் என்ற வரியைத் தொடவே இல்லை, அது பழைய 3.1ஐத்தான் எடுத்துத் தரும், பாத்திரத்தின் மேல் பெயரை மட்டும் மாற்றி ஒட்டியாயிற்று. ஒரே ஒரு வாரத்துக்குத்தான், அடுத்த ஞாயிறு சரிசெய்துவிடுவேன் என்று தன்னிடமே சொன்னான், சொன்னபோது நிசமாகவே நம்பினான், அதுதான் இப்போது நினைக்க அவமானமாக இருக்கிறது. சிவப்பு போய்விட்டது. வெளிநாட்டுக்காரன் நன்றி என்று எழுதினான். நிம்மதியாக வீட்டுக்குப் போய் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டான், அதுவும் ஞாபகம் இருக்கிறது, எள்ளுப் பொடி. சிவப்பு இருந்தவரை அவனுக்கு இருந்த உறுத்தல் சிவப்போடு போயிற்று, ஒரு வாரம் பதினான்கு மாதமானது. கல்லூரியில் படிக்கிறபோது பெண்டுலத்தை ஆட்டாமலே இருபது அலைவுக்கு நேரம் எழுதியவன்தானே, விடை தெரியும், விடையிலிருந்து பின்னோக்கி வந்து அளவுகளைப் போடுவது, எல்லாரும்தான் செய்தார்கள், பரிசோதனை ஆசிரியர் டிக் அடித்துத் தந்தார், நல்ல துல்லியம் என்று வேறு சொன்னார். எல்லாரும்தான் செய்தார்கள். களஞ்சியத்தில் எல்லாரும் செய்கிறார்களா, தெரியாது, அவன் செய்தான்.

எஸ்தர் பொன்மணி மட்டும் எதையும் பின்னோக்கி எழுதவில்லை. நான்கு வருசமாகக் காலையில் பள்ளிக்கூடம் போவதற்கு முன் குளக்கரையில் நின்று கூழைக்கடா இத்தனை, அரிவாள் மூக்கன் இத்தனை, நீர்க்காகம் இத்தனை என்று எண்ணி, நோட்டில் குறித்து, சாயங்காலம் கணினியில் ஏற்றுகிறார், ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து வரி, ஒன்றுமே வராத நாளில் ஒன்றும் வரவில்லை என்பதையும். 3.1இல் ஒரு பிழை இருந்தது, பதிவுகள் முப்பத்திரண்டாயிரத்து எழுநூற்று அறுபத்தேழைத் தாண்டினால் புதிதாக ஏற்றுவது ஒவ்வொன்றும் ஆகப் பழைய பதிவின் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும், சத்தமே காட்டாது. அதை 3.3இல் சரிசெய்துவிட்டார்கள். இந்த டீச்சர் அந்த அறிவிப்பையும் படித்திருக்கிறார், அதுதான் கொடுமை, படித்துவிட்டுத் தன் கணினியில் எந்தப் பதிப்பு எண் இருக்கிறது என்று, முகாமில் இவன் சொல்லிக்கொடுத்தபடியே, பட்டியலைத் திறந்து பார்த்திருக்கிறார். 3.4. சிவப்பு இல்லை. நம்பி ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறார். பிப்ரவரியில் அந்த எண்ணைத் தாண்டியது, இது ஜூன். முதல் வருசத்தில் நான்கு மாதத்தைக் காணோம் என்று போன வாரம்தான் கண்டிருக்கிறார், பென் டிரைவில் வாராவாரம் பிரதி எடுத்திருக்கிறார், ஆனால் பழைய பிரதியின் மேலேயே, அதனால் அதிலும் இல்லை. பறவைக் கணக்கு நோட்டுகள் டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது போய்விட்டன, கணினியில் இருக்கிறதே என்று அன்றைக்கு ஆறுதல்பட்டேன் சார் என்று எழுதியிருந்தார். ஆறுதல்பட்டேன் சார். ஆவுடையப்பன் கிரைண்டரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான், அதிர்வு கைவழியே தோளுக்கு ஏறியது. அந்தக் கடிதத்தில் ஒரு கடுமையான வார்த்தை கிடையாது, இருந்திருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டாவது தப்பித்திருக்கலாம். அந்தப் பிழை உங்கள் பதிப்பில் இல்லை, ஆகவே தவறு என்னுடையதுதான், நான் எங்கே தவறு செய்தேன் என்று பார்த்துச் சொல்ல முடியுமா சார், இதற்கிடையில் எதுவும் விட்டுப்போகக் கூடாது என்று தினமும் இன்னும் கவனமாக ஏற்றி வருகிறேன். முப்பத்தொரு சதவீதம்.

தினமும் ஏற்றி வருகிறேன் என்ற இடத்தில்தான் ஒவ்வொரு தடவையும் மனசு இடறி விழுந்தது. அவர் கவனமாக ஏற்ற ஏற்ற, அவர் கையாலேயே அவருடைய பழைய நாள்கள் போய்க்கொண்டிருந்தன. நிறுத்துங்கள் என்று ஒரே வார்த்தை எழுதியிருந்தால் போதும், முதல் நாளே எழுதியிருக்கலாம், ஏன் நிறுத்தச் சொல்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்பாரே. அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஒன்பது நாள், ஒரு நாளைக்கு இருபத்தைந்து, ஒன்பது இருபத்தைந்து இருநூற்று இருபத்தைந்து, சின்ன வயசு வாய்ப்பாடு மாதிரி அது பாட்டுக்கு வந்தது, வேண்டாம் என்றாலும் வந்தது. ஆறு பதில்கள் எழுதி அழித்தான். அன்புள்ள டீச்சர், ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். அன்புள்ள டீச்சர், சில தொழில்நுட்பக் காரணங்களால். அந்தத் தொழில்நுட்பக் காரணத்துக்கு நாற்பத்திநாலு வயசு, தொப்பை உண்டு, இதோ கையில் உளுந்துமாவோடு உட்கார்ந்திருக்கிறது. அப்புறம் நேற்று ஒரு வழி தோன்றியது, தோன்றியவுடனே உடம்பே லேசானது, மூலத்தில் 3.5 வந்துவிட்டது, அதை இன்றைக்கு ஒழுங்காகக் கட்டி ஏற்றிவிட்டால் 3.4 என்று ஒன்று இருந்ததையே யாரும் திரும்பிப் பார்க்கப்போவதில்லை, டீச்சருக்கு 3.5 போட்டுப் பாருங்கள் என்று ஒரு வரி, அத்தோடு பிரச்சினையும் நிற்கும், பெயரும் நிற்கும். அதற்குத்தான் இந்தச் சதவீதம் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் காலையில் இரண்டாவது கடிதம் வந்துவிட்டது. இன்று நான்கு மணிக்குப் பறவை ஆர்வலர்கள் கூட்டம், என் கையால் ஏற்றிய பதிவுகளை இனி நானே நம்ப முடியவில்லை, மற்றவர்கள் அதை வைத்து ஏதாவது முடிவுக்கு வந்தால் பாவம், நான்கு வருசப் பதிவையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று சொல்லிவிடப்போகிறேன், உங்களுக்குச் சிரமம் தந்ததற்கு மன்னிக்க வேண்டும். மன்னிக்க வேண்டுமாம். போனது நான்கு மாதம், மிச்சம் மூன்றரை வருசத்துக்கு மேல் பத்திரமாக இருக்கிறது, எது போயிற்று எது இருக்கிறது என்று அடித்துச் சொல்லக்கூடிய ஆள் உலகத்திலேயே ஒருத்தன்தான், அவன் உளுந்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தான். 3.5 போட்டுப் பாருங்கள் என்று ஒரு வரி எழுதினால் பதிவுகள் அழிவது அத்தோடு நிற்கும், ஆனால் அந்த அம்மாள் சாகும்வரை தன் கையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருப்பார். நாற்பத்தி நான்கு சதவீதம், மூன்று முப்பத்தெட்டு. என்றைக்காவது அவர் மென்பொருளுக்குள்ளே உதவி என்ற இடத்தைத் திறந்தால் 3.1 என்று அதுவே காட்டிக்கொடுத்துவிடும், இதுவரை திறக்கவில்லை, திறக்காமலே இருக்க வேண்டும் என்று ஒன்பது நாளாக வேண்டிக்கொண்டிருக்கிறான், நெல்லையப்பர் கோவில் வாசலைப் பஸ்ஸில் கடக்கும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டபோதுகூட அதைத்தான் வேண்டினான். சீ என்று வாய்விட்டுச் சொன்னான். மாவில் விரலை விட்டான், கதகதவென்று இருந்தது, தண்ணீர் தெளிக்க மறந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. மூன்று ஐம்பத்திரண்டுக்குக் கையைக் கைலியில் துடைத்துவிட்டுக் கடிதத்தின் அடியில் இருந்த எண்ணை அழுத்தினான், மணி அடிக்கும்போது எடுக்காமல் இருந்தால் நல்லது என்று நினைத்தான், மூன்றாவது மணியில் எடுத்துவிட்டார்.

"டீச்சர், நான் ஆவுடையப்பன் பேசுதேன்."

"சார், சொல்லுங்க சார். எங்க தப்புப் பண்ணுனேன்னு தெரிஞ்சுதா?"

பின்னால் நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் கிரைண்டரிடமிருந்து விலகிச் சன்னல் பக்கம் போய் நின்றான். யோசித்து வைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது, அது வரவில்லை.

"நீங்க தப்பே பண்ணல டீச்சர். முதல்ல ஏத்துறத நிப்பாட்டுங்க. இன்னைக்கு ஒண்ணும் ஏத்தாதீங்க. உங்ககிட்ட இருக்கது 3.4 இல்ல, பழைய 3.1. நான் நம்பர மட்டும் மாத்தி வச்சேன்."

நான்கு மாதப் பதிவுதான் போயிற்று, மிச்சம் ஒன்றுகூடப் பழுதில்லை, கூட்டத்தில் அதை மட்டும் சொல்லுங்கள், மற்றதைத் திரும்பப் பெறாதீர்கள், வேண்டுமானால் நானே வந்து அவர்களிடம் சொல்கிறேன் என்று அவன் மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனான். டீச்சர் குறுக்கே பேசவில்லை, வகுப்பில் பையனை முடிக்கவிட்டுக் கேட்கிற மாதிரி முடியும்வரை இருந்தார்.

"இது உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும் சார்?"

நேற்றுதான் கண்டுபிடித்தேன் என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. யாராலும் சரிபார்க்க முடியாது.

"நீங்க எழுதுன அன்னைக்கே தெரியும்."

"ஒன்பது நாள்," என்றார். கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. "இந்த ஒன்பது நாள்ல நான் ஏத்துனது முதல் வருசம் அக்டோபர் கடைசி மேல விழுது சார். மழை இறங்குன வாரம். குளத்துக்குத் தண்ணி வந்து, முதக் கூழைக்கடா வந்து இறங்குனது அந்த வாரந்தான்."

அவர் குரலில் கோபம் இருக்கிறதா என்று தேடினான், இருந்தால் பிடித்துக்கொள்ளலாம். யாரோ டீச்சர் வாங்க என்று கூப்பிட்டார்கள். இந்தா வாரேன் என்றார் அவர்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் சார். சிவப்பு இல்லன்னா நம்பி எடுத்துக்கோங்கன்னு நீங்கதான் சொன்னீங்க. பள்ளிக்கூடத்துல இருக்க நோட்டுல இன்னும் எழுதி வச்சிருக்கேன். இனி எதப் பாத்து நம்ப?"

பின்னால் மறுபடி கூப்பிட்டார்கள். சரி சார், கூட்டம் ஆரம்பிக்கப்போறாங்க என்று சொல்லி டீச்சர் வைத்துவிட்டார்.

மடிக்கணினியில் ஐம்பத்தொன்பது சதவீதம். அது முடியும்வரை காத்திருந்து 3.5ஐ ஏற்றிவிட்டு, அப்புறம் உண்மையையும் எழுதலாம், இரண்டும் ஒன்றாக இருந்தால் அவ்வளவு அசிங்கமாகத் தெரியாது. அப்படித்தான் தோன்றியது, போன்செய்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் தோன்றுகிறது, இந்த மனசை என்னதான் செய்வது. களஞ்சியத்தில் தன் பக்கத்தைத் திறந்தான். எண் 3.4, பக்கத்தில் ஒன்றுமில்லை, சுத்தமாக இருந்தது. காலாவதி என்று கொடி காட்டும் பொத்தான் எல்லாருக்கும் உண்டு, பொறுப்பாளருக்கும் உண்டு, தன் தலையிலேயே போட்டுக்கொள்ள யாரும் அதை அழுத்துவதில்லை. அழுத்தினான். காரணம் எழுதச் சொன்னது. இங்கே 3.4 என்று இருப்பது 3.1, பதினான்கு மாதத்துக்கு முன்னால் எண்ணை மட்டும் மாற்றியவன் நான், முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் பதிவுக்கு மேல் வைத்திருப்பவர்கள் இன்றே நிறுத்துங்கள், உங்கள் பழைய பதிவுகள் போய்க்கொண்டிருக்கின்றன, என்று உலகத்தார் எல்லாரும் படிக்க ஆங்கிலத்தில் எழுதினான், எழுதி முடித்ததும் ஒரு வார்த்தைகூடத் திருத்தாமல் அனுப்பினான். அவன் பெயருக்கு மேலே சிவப்பு வந்தது. மனசு லேசாகும் என்று எதிர்பார்த்தான், ஆகவில்லை, மழை இறங்கின வாரம் என்பது மட்டும் காதில் இருந்தது.

வடிவு கதவைத் திறந்துகொண்டு வந்தாள், துணிப்பையை நாற்காலியில் போட்டாள், நேராகக் கிரைண்டருக்குப் போய் விரலை விட்டுப் பார்த்தாள். நிறுத்தினாள். சத்தம் நின்றதும் வீடு பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

"கொதிக்கு. கேட்டா, பாத்துக்கிட்டுதான இருந்தேம்பீய."

"இல்ல வடிவு," என்றான். "நான் பாக்கல."

விரலை வழித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, என்ன ஆச்சு என்று கேட்டாள்.